நீலியின் கண்ணீரும் அல்லியின் ராஜ்யமும்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்த் தோழர்களுக்காக நடந்த வாசிப்பு வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். சித்தூர் வட்டத் தோழர்களுடன் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டத் தொழிலாளர் தோழர்களும் இவ்வகுப்பில் பங்கேற்றனர்.)



நேற்று மாலை, தேவிகுளத்திலிருந்து வந்திருந்த தோழியர் சிலருடன் மலம்புழைக்குச் சென்றிருந்தேன். அந்த அணை 1955இல் திறக்கப்பட்டபோது இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, திறந்துவைத்தவர் காமராசர். அணையடியில் உள்ள பூங்காவில், மலையை நோக்கி முகம் உயர்த்தி, ஆடையின்றிக் கால்களை அகல நீட்டி அமர்ந்திருக்கும் யட்சியைப் பாலக்காட்டுத் தோழர்கள் சிறுவயது முதலே பார்த்திருப்பீர்கள். சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்தது. அது உருவாகும்போதே ஒழுக்கத்தின் பெயரால் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று குடும்பம் குடும்பமாக அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து பறித்துவரும் ஒரு தோழியர் அச்சிலையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தம்மா என்ன தப்புப் பண்ணுச்சு, தோழர்?" என்று கேட்டார். நான் படித்த படிப்பின் பழக்கத்தில், யட்சி என்பவள் இரவில் வழிப்போக்கரை மயக்கிக் கொல்பவள் என்று பாடம் ஒப்பித்தேன். அவர் விடவில்லை. "ராத்திரியில அவ பின்னால போனவனுக்கு என்ன பேரு?" என்றார்.

தோழர்களே, அவனுக்குப் பெயர் இல்லை. கேரளத்தில் நூறு யட்சிக் கதைகள் வழங்குகின்றன. அவளுக்கு ஊர் உண்டு, மரம் உண்டு, காவு உண்டு. பின்தொடர்ந்து போனவன் வெறும் 'வழிப்போக்கன்'. மறுநாள் காலையில் அவனுடைய நகமும் மயிரும் மட்டும் கிடக்கின்றன. கதை கேட்பவர் அவனுக்காக இரங்குகிறார். வீட்டில் மனைவி காத்திருக்க, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்ட அயல் பெண்ணின் பின்னால் நள்ளிரவில் ஏன் போனான் என்று எந்தக் கதையும் அவனைக் கேட்பதில்லை. இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு வெகுமக்கள் விரும்பும் மாயக்கதைகளில் ஆண், பெண் இருவருக்கும் வெவ்வேறு நீதி வழங்கப்படுவது பற்றியது. அத்தலைப்பு முழுவதையும் அந்தத் தோழியர் ஒரு வரியில் கேட்டுவிட்டார். நான் செய்யப்போவது அக்கேள்விக்குச் சில சான்றுகள் சேர்ப்பதுதான்.

மலையாளத்தில் கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் 1934 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட 'ஐதிஹ்யமாலை' இத்தகைய கதைகளின் பெருங்களஞ்சியம். அதில் கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதப் பாதிரியார் வருகிறார். ஒரு யட்சி அவரிடமும் சுண்ணாம்பு கேட்கிறாள். அவர் மந்திர வலிமையால் அவளை வசப்படுத்தி, தலையில் ஓர் இரும்பு ஆணியை அறைந்து, பணிப்பெண்போல் ஆக்கித் தம்முடன் அழைத்துச் செல்கிறார். காயங்குளத்தில் ஒரு வீட்டில் தங்கும்போது அவ்வீட்டு மூதாட்டி ஒருத்தி அவளுக்குத் தலை வாரி விடுகிறாள். விரலில் ஏதோ தட்டுப்படுகிறது, பார்த்தால் ஆணி. ஐயோ பாவம் என்று பிடுங்கி எறிகிறாள். யட்சி மறைந்துவிடுகிறாள்.

கதையின் நோக்கம் கத்தனாரின் ஆற்றலைப் புகழ்வது. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூதாட்டியின் விரல்களே நினைவில் நிற்கின்றன. தலைவாரும் கை மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய ஆணி அது.

ஒரு சொல்லாராய்ச்சியும் செய்யலாம். மாயம் செய்யும் ஆணை மந்திரவாதி என்கிறோம். அவன் நல்லவனாகவும் இருக்கலாம், தீயவனாகவும் இருக்கலாம். அதையே செய்யும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொல் சூனியக்காரி. அச்சொல்லில் நல்லவளுக்கு இடமே இல்லை. நியூ செஞ்சுரி கடைகளில் சோவியத் நாட்டுக் குழந்தைக் கதைகள் குவிந்துகிடந்த காலத்தில் வளர்ந்தவன் நான். அக்கதைகளில் வரும் காட்டுக் கிழவி சில நேரம் குழந்தைகளைத் தின்ன வருவாள், சில நேரம் வழிகாட்டி அனுப்புவாள். தமிழில் அவளைச் சூனியக்காரி என்று எழுதியவுடன் இரண்டாவது குணம் கழன்றுபோகிறது. மொழிபெயர்ப்பாளர் கைப்பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது; மொழியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு இன்னும் பெரிய சான்று உண்டு. அதில் நானும் ஒரு குற்றவாளி.

ஆங்கிலத்தில் முதலைக் கண்ணீர் என்பார்கள். ஆளும் வர்க்கம் ஏழைகளுக்காக அழும்போதெல்லாம் நம் தலைவர்களின் கட்டுரைகளில் அது வரும். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அதை நான் 'நீலிக் கண்ணீர்' என்றே பெயர்த்திருக்கிறேன். நல்ல தமிழ், மண்ணின் மரபுத்தொடர் என்ற பெருமிதம் வேறு. இந்த ஏட்டின் பழைய கட்டுகளைப் புரட்டினால் நிதியமைச்சர்கள் முதல் உலக வங்கி வரை எத்தனையோ பேர் என் புண்ணியத்தில் நீலிக் கண்ணீர் வடித்திருப்பார்கள். அந்த நீலி எதற்காக அழுதாள் என்று ஒருமுறையும் நான் நின்று யோசித்ததில்லை.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதை அது. வடிவங்கள் பல, சாரம் ஒன்று. முதல் மனைவி இருப்பதை மறைத்து ஒருவன் இன்னொரு பெண்ணை மணக்கிறான். ஊர் திரும்பும் வழியில் ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனை, அவன் மனைவியின் உருவில், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு பின்தொடர்கிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய அவையில், என் கணவன் என்னை ஏற்க மறுக்கிறான் என்று அழுகிறாள். அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவையினர் வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கிறார்கள். இரவில் அவள் அவனைக் கொன்று பழிதீர்க்கிறாள். வாக்குத் தவறிய எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் உண்டு. வாய்மையின் சின்னமாகப் போற்றப்படுகிறார்கள். திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகமே இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறது என்பர். அங்கும் ஒருத்தி வஞ்சனையால் உயிர் கொண்டதுதான் நினைவுகூரப்படுகிறது; அவள் உயிர் போன வகை சொல்லப்படவில்லை.

இக்கதையில் பொய் சொன்னவர் யார்? முதலில் பொய் சொன்னவன் கணவன். முதலில் கொன்றவனும் அவனே. முதல் கொலைக்கு அவை கூடவில்லை, எவரும் வாக்களிக்கவில்லை, எவரும் தீப்பாயவில்லை. அந்தக் கொலை இரண்டாவது கொலைக்கு முன்கதையாக மட்டும் நிற்கிறது. ஆனால் பொய்யழுகைக்கு நாம் பெயர் வைத்தது அவளுடைய கண்ணீரைக் கொண்டு. நம்பிக் கழுத்தை நீட்டியவளைக் கொன்றவனின் பெயரில் தமிழில் ஒரு மரபுத்தொடரும் இல்லை.

இதே ஆலங்காட்டோடு சேர்ந்த இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். காரைக்கால் புனிதவதியைக் கணவன் பரமதத்தன் விட்டுப் போகிறான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து குழந்தையும் பெறுகிறான். அவள் தேடி வரும்போது, இவள் தெய்வம் என்று காலில் விழுந்து கணக்கை முடித்துக்கொள்கிறான். அவள் இளமையைக் களைந்து பேயுருவம் கேட்டுப் பெற்று ஆலங்காட்டுக்குப் போகிறாள். ஆண் தெய்வம் ஒன்றின் அடியில் அமர்ந்த பேய் 'அம்மையார்' ஆனாள். நீதி கேட்டு அவைக்கு வந்த பேய் பழமொழி ஆனாள். அம்மையாரின் கவித்துவத்தின்மேல் எனக்குள்ள மதிப்பு குறைவானதன்று. இரண்டு பேய்களுக்கும் ஒரே காடு, மதிப்பு மட்டும் வேறு என்பதைத்தான் சொல்கிறேன்.

கன்னியாகுமரிப் பக்கம் வில்லுப்பாட்டில் பாடப்படும் கள்ளியங்காட்டு நீலியின் கதையிலும், நகைக்காகக் கணவன் மனைவியைக் கொல்கிறான். அவனுடைய மடியில் தலைவைத்து அவள் உறங்கும்போது. பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே சாட்சி.

கதைதானே என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும். கதை தீர்ப்பும் வழங்குகிறது என்பதற்கு வேதாளம் சாட்சி. 'அம்புலிமாமா' வழியாக நம் தலைமுறை அறிந்த அந்த வேதாளத்தின் பழைய கதைகள், 11ஆம் நூற்றாண்டுக் காசுமீரத்துச் சோமதேவரின் 'கதாசரித்சாகர'த்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கிளியும் நாகணவாயும் வாதிடுகின்றன. ஆண்களே கொடியவர் என்கிறது நாகணவாய். நகைக்காக மனைவியைப் பள்ளத்தில் தள்ளிய ஒருவன், அவள் பிழைத்து வந்து மன்னித்து ஏற்றுக்கொண்ட பிறகும், அவள் உறங்கும்போது கொன்று நகையோடு ஓடிய கதையைச் சொல்கிறது. பெண்களே கொடியவர் என்கிறது கிளி. கள்ளக்காதலில் மூக்கறுபட்டு, பழியைக் கணவன்மேல் போட்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறது. இருவருள் யார் கொடியவர் என்று வேதாளம் கேட்கிறது. அரசன் தயங்கவே இல்லை: பெண்களே. ஆணில் எவனோ எப்போதோ ஒருவன்தான் தீயவன், பெண்ணோ பெரும்பாலும் அப்படித்தான் என்பது அவன் தரும் காரணம். இரண்டு முறை கொலைக்குத் துணிந்தவன் விதிவிலக்கு. பொய் சொன்னவள் இனத்தின் இயல்பு. இன்றைய செய்தித்தாளின் குற்றச்செய்திப் பக்கத்தையும் அதன்மேல் தேநீர்க்கடையில் நடக்கும் உரையாடலையும் கவனித்தால் அரசன் இன்னும் ஆட்சியில் இருப்பது தெரியும்.

கிரேக்க, உரோமானியக் கதைகள் மேலானவை என்று எண்ண வேண்டாம். உரோமானியக் கவிஞர் ஆவிட் சொல்லும் மெடூசா, கடல் தெய்வத்தால் கோயிலுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவள். தண்டனை பெற்றவளும் அவளே, கூந்தல் பாம்புகளாயிற்று. அவள் தலையைக் கொய்தவன் வீரனானான்.

எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' நூலை இவ்வகுப்பில் முன்பே படித்திருக்கிறீர்கள், விரித்துரைக்கத் தேவையில்லை. ஒருதார மணம் தோன்றியது முதலே பெண்ணுக்கு மட்டும் ஒருதார மணமாக இருந்தது என்றும், சொத்து தன் பிள்ளைக்கே சேர வேண்டும் என்ற ஆணின் தேவையே அதன் அடித்தளம் என்றும் அவர் காட்டினார். மாயக்கதை அந்த அடித்தளத்தின்மேல் எழுந்த மாடம். கதையில் மனிதன் பறக்கிறான், பாம்பாகிறான், கூடுவிட்டுக் கூடு பாய்கிறான். கற்பனைக்கு வானமும் எல்லை இல்லை. மனைவி கணவனைக் கேள்வி கேட்பது மட்டும் கற்பனைக்கு எட்டவில்லை. பாம்பாகி என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கதைக்கு வருகிறேன்.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யை இங்குள்ள முதிய தோழர்கள் பெரிய எழுத்துப் புத்தகமாகப் பார்த்திருப்பீர்கள். திருவிழாக் கடைகளில் தொங்கும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயத்துத் திண்ணையில் பத்துப்பேர் கேட்ட புத்தகம் அது. மதுரைப் பாண்டியனின் மகளாக, அல்லி மலரில் கிடைத்த குழந்தையாக அவள் வருகிறாள். படைக்கலம் பயில்கிறாள். நாட்டைப் பிடித்துவைத்திருந்த நீண்முகனை வென்று ஆட்சியை மீட்கிறாள். பெண்களையே காவலாகவும் படையாகவும் கொண்டு ஆள்கிறாள். திருமணம் வேண்டாம் என்கிறாள். அவள் ஆட்சியில் மக்கள் துன்புற்றதாகக் கதையில் எங்கும் இல்லை.

தீர்த்தமாட வந்த அர்ச்சுனன் அவள்மேல் ஆசை கொள்கிறான். கேட்டுப் பெற முடியாது என்று தெரிகிறது. கண்ணனின் துணையால் பாம்பாக மாறி, பாம்பாட்டி வித்தையின் வழியே அவளுடைய பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தெழுந்த அல்லி சீறுகிறாள், படை திரட்டுகிறாள், போர் புரிகிறாள். முடிவில் அவள் பணிய வேண்டும். கட்டிய தாலி கட்டியதுதான். பிறகு அவள் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்கிறான். அதைத் தேடிப் போன தந்தை பவளக்கொடியை மணந்துகொள்கிறான். அது அடுத்த புத்தகம், 'பவளக்கொடி மாலை'. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் தியாகராஜ பாகவதரின் முதல் படமாகவும் அது வந்தது. ஒவ்வொரு மணமும் அர்ச்சுனனுக்குப் புகழ் சேர்க்கிறது. அல்லி இன்னொரு ஆடவனை நினைத்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும், கத்தியுடன்.

கவனியுங்கள் தோழர்களே: கள்ளியங்காட்டில் அவள் உறங்கினாள், சோமதேவரின் கதையில் உறங்கினாள், மதுரையிலும் உறங்கினாள். விழித்திருக்கும் பெண்ணோடு பேசி ஒப்புதல் பெறுவது இக்கதைகளின் ஆண்மகனுக்குத் தெரியாத ஒரே வித்தை.

இந்தக் கதையிலிருந்து தமிழர் எடுத்துக்கொண்ட சொல் எது? உறக்கத்தில் தாலி கட்டுவதற்கு 'அர்ச்சுன வேலை' என்று ஒரு தொடர் உண்டா? இல்லை. நமக்குக் கிடைத்தது 'அல்லி ராஜ்யம்'. வீட்டில் மனைவி சொல் எடுபட்டால் அல்லி ராஜ்யம். மாதர் சங்கக் கூட்டத்தில் நான்கு பெண்கள் உரக்கப் பேசினால், வாசலில் நிற்கும் நம் தோழரே புன்னகையோடு சொல்வார்: உள்ளே அல்லி ராஜ்யம். எதிரியை வென்று நாட்டை மீட்டு நல்லாட்சி செய்த ஒரே குற்றத்துக்காக அவள் நகைப்புக்குரிய பெயரானாள்.

2015 செப்டம்பரில் இந்தச் சொல்லை நான் கேட்டேன். மூணாற்றில், கண்ணன் தேவன் தோட்டங்களில், முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனசை 10 விழுக்காடாகக் குறைத்தபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். நாட்கூலி அப்போது 232 ரூபாய். எந்தக் கொடியையும் அவர்கள் ஏற்கவில்லை. நம் கொடி உட்பட. ஆண்கள் விலகி நில்லுங்கள் என்றார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு பெற்றார்கள். அதைத் தொடர்ந்து நடந்த கூலிப் போராட்டத்தின் முடிவில் நாட்கூலி 301 ரூபாயானது. தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'பொம்பிளை ஒருமை'. இலக்கணம் படித்தவனுக்கு அதில் ஒரு வியப்பு உண்டு. பொம்பிளை என்பது லயத்துத் தமிழ். ஒருமை தமிழிலக்கணத்தில் ஒன்றைக் குறிக்கும். மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும். இரண்டு மொழியிலும் சரியாக வரும் அத்தகைய பெயரை எந்தக் குழு கூடி யோசித்தாலும் அமைத்திருக்க முடியாது.

அவர்கள் நம்மைப் புறக்கணித்தது சரியா, அந்த அமைப்பு பின்னர் ஏன் தளர்ந்தது என்பன வேறு விவாதங்கள். தொழிற்சங்க அரங்கில் அவை நடந்துள்ளன, இன்னும் நடக்க வேண்டும். இன்று நான் எடுத்துக்கொள்வது அவர்களைப் பற்றிப் பேசப்பட்ட மொழியை மட்டும். இவர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி முதலில் வந்தது. பெண் தானாக நடக்கமாட்டாள், யாரோ ஆட்டுவிக்க வேண்டும் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. கதையில் யட்சியை ஏவுபவன் ஒருவன் இருப்பதுபோல. அடுத்து வந்தது ஒழுக்கம். 2017 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசின் அமைச்சர் ஒருவரே, இடுக்கி மாவட்டத்தில் பேசும்போது, அந்தப் போராட்ட நாட்களில் காட்டுக்குள் என்ன நடந்தது என்று குறிப்பால் இழித்துரைத்தார். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அப்பெண்கள் மூணாற்றில் உண்ணாநிலை இருந்தனர். அவர் சார்ந்த கட்சியின் மாநிலக் குழு அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அது சரியான நடவடிக்கை. ஆனால் அந்தப் பேச்சு நிகழ்ந்த கணத்தில் கூட்டத்தில் சிரித்தவர்களும் உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஏன் சிரித்தார்கள்? சொல்லப்பட்டது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. இரவில் வெளியே இருக்கும் பெண், மரத்தடியில் இருக்கும் பெண், கூப்பிட்டாலும் வீட்டுக்குப் போகாத பெண் யாராக இருப்பாள் என்று ஐதிஹ்யங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்திருக்கின்றன. அதே சாலையில் இரவெல்லாம் ஆண்கள் மறியல் செய்த போராட்டங்கள் எத்தனை! காட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மாநில அரசின் அனுமதியின்றி இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்திருந்தது. மருத்துவச்சிகளுக்கும் செவிலியருக்கும் மட்டும் விலக்கு. பாதுகாப்புக்கான விதி அது. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் இரவில் வெளியே வர ஒரு பெண்ணுக்குப் பிறருடைய பிரசவமோ நோயோ காரணமாக இருக்கலாம், தன் கூலி காரணமாக இருக்கக் கூடாது என்பதை நம் சமூகம் சட்டப் புத்தகத்துக்கு வெளியேயும் எழுதி வைத்திருக்கிறது.

கதை சொல்லளவில் நின்றுவிடுவதும் இல்லை. பீகார் 1999இலும் சார்க்கண்டு 2001இலும் அசாம் 2015இலும் பெண்களைச் சூனியக்காரி என்று பழி சுமத்தி வேட்டையாடுவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. சார்க்கண்டின் சுட்னி மகதோ அத்தகைய பழிக்கு ஆளாகித் துன்புற்று மீண்டவர்; அசாமின் பிருபாலா ராபாவோடு சேர்த்து 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அப்பகுதிகளில் பழி விழும் இடத்தைக் கவனித்தால் பெரும்பாலும் கைம்பெண். அவள் பெயரில் சிறு நிலம். அங்கே எங்கெல்ஸ் மீண்டும் தேவைப்படுகிறார்.

மரபு முழுவதுமே இப்படியா என்றால், இல்லை. தமிழ் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவன் ஆவேன். பழையனூர் நீலியையே தலைவியாகக் கொண்டு சமணர் ஒரு காப்பியம் செய்தனர். அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த 'நீலகேசி' அது. ஒரு முனிவரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடம் அறம் கேட்டுத் தெளிந்து, ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைதிகர் என எல்லோரோடும் வாதம் புரிகிறாள், வெல்கிறாள். சமணரின் நோக்கம் சமயப் பரப்பல் என்பது உண்மையே. ஆயினும் அழுகைக்குப் பெயர்போன பேயின் வாயில் அவர்கள் தருக்கத்தை வைத்தார்கள். அதில் அவள் எதிர்கொள்ளும் முதல் வாதி குண்டலகேசி. அவளும் எளியவள் அல்லள். ஊடலில் 'நீ கள்வன் அல்லையோ' என்று விளையாட்டாகச் சொன்னதற்காகக் கணவன் அவளைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். வலம்வந்து வணங்குவதாகக் கூறி, அவனைத் தள்ளிவிட்டு உயிர் பிழைத்தவள். கணவனைக் கொன்றவளைத் தலைவியாக்கிப் பௌத்தர் பாடிய அந்தக் காப்பியத்தில் சில செய்யுள்களே நமக்கு எஞ்சியுள்ளன. உறங்காத பெண் ஒருத்தியின் கதை தமிழில் கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோயிற்று. தற்செயல்தானோ என்னவோ.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' இந்த வரிசையில் வருவது. இராமன் நீக்கிய சாபம் அகலிகைக்கு உதவவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவள் மீண்டும் கல்லாகிறாள். ஒரே செயலுக்கு இரண்டு நீதி என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன உரைநடை தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை.

இங்குள்ள இளைய தோழர்கள் 2025 ஆகஸ்டில் வந்த 'லோகா' படத்தைப் பற்றிக் கேட்பார்கள். டொமினிக் அருண் இயக்கி, கல்யாணி பிரியதர்ஷன் நடித்தது. கள்ளியங்காட்டு நீலியே இன்றைய பெங்களூரில் பறக்கும் வீராங்கனையாக வருகிறாள். எனக்குப் படம் பிடித்திருந்தது. கதையின் முற்பாதியை அது மறைக்கவில்லை. அவளுடைய மக்களை அரசனின் ஆட்கள் அழித்ததிலிருந்து தொடங்குகிறது. வில்லனை, பெண்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் காவல் அதிகாரியாக வைத்ததும் குறி தப்பாத அடி. ஒரு மனக்குறை மட்டும் உண்டு. ஆண் வீரர்கள் பிறவியிலேயே ஆற்றல் பெற்று வருகிறார்கள், அல்லது வரம் பெறுகிறார்கள், இல்லாவிட்டால் ஏதோ பூச்சி கடிக்கிறது. பெண்ணுக்கு மட்டும் இன்றும் முதலில் இரத்தம் சிந்தியாக வேண்டும், பிறகுதான் பறக்கலாம். அடிபடாமலே வலிமை பெற்ற பெண்ணைக் காட்டினால் பார்வையாளர் மன்னிக்கமாட்டார் என்று கதை செய்பவர் அஞ்சுகிறார் போலும். அல்லி அந்த வகையில் முந்தியவள். அவளை யாரும் கொல்லவில்லை, மானபங்கம் செய்யவில்லை; அவள் முதலிலிருந்தே வலிமையானவள். அதனால்தானோ கதைக்கு அவளை அடக்க அத்தனை அவசரம்.

சென்ற வாரம் ஒரு தலைவரின் கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்தது. விவசாயிகளுக்காக அமைச்சர் வடிக்கும் முதலைக் கண்ணீர் பற்றி நான்காம் பத்தியில் இருந்தது. பேனா பழக்கத்தில் நீலிக்குப் போயிற்று. அடித்துவிட்டு, 'பொய்யாக அழுகிறார்' என்று எழுதினேன். ஆசிரியர் குழுத் தோழர் தொலைபேசியில் கூப்பிட்டு, நடை தட்டையாகிவிட்டதே, ஒரு மரபுத்தொடர் போடக் கூடாதா என்றார். அவரிடம் சொன்ன பதிலைத்தான் இப்போது உங்கள் முன் நீட்டிச் சொல்லியிருக்கிறேன். 'முதலைக் கண்ணீர்' என்றே போடலாம் என்று முடிவாயிற்று. முதலை வழக்குத் தொடராது.

அடுத்த மாத வாசிப்புக்கு 'சாப விமோசன'மும், நீலகேசியில் குண்டலகேசி வாதப் பகுதியின் உரைநடைச் சுருக்கமும் படியெடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். தோட்டத்திலிருந்து வந்துள்ள தோழியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் லயங்களில் நீலி கதையோ அல்லி கதையோ சொல்லத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருப்பார்கள். அவர்கள் சொல்வது அச்சிட்ட புத்தகத்தில் உள்ளபடி இருக்காது. ஆண்கள் எழுந்து போன பிறகு சொல்லும்போது முற்பாதி சற்று நீளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவாருங்கள். எழுதித் தருவது என் பொறுப்பு.